நான் இல்லாமல் ஓடிய பஸ்

அறுபதுகளில் நான் பஸ் டிரைவர். திருவள்ளூரில் கிளம்பித் திருத்தணி வழியாக ஆர்.கே.பேட்டை வரை போகிற ஒரு தனியார் பஸ். எஞ்சின் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். சித்திரை வைகாசியில் இடது கால் வெந்துவிடும். வலது கைக்கு ரப்பர் ஹாரன். பஸ்ஸில் நூல் மூட்டையோடு தறிக்காரர்கள் ஏறுவார்கள், திருத்தணியில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசினவர்கள் ஏறுவார்கள், கூரைமேல் புல்லுக்கட்டும் கோழிக்கூடையும் வரும். பல வருடம் ஒரே ரோடு. எந்தப் புளியமரத்துக்கு எதிரில் எந்தப் பள்ளம் என்று என் கைக்கே தெரியும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அது எவ்வளவு உண்மை என்று ஒரு மாசி மாதத்துக் காலையில் தெரிந்தது.

திருத்தணியைத் தாண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். ரோட்டோரத்தில் ஒரு செங்கல் சூளை வரும். அதைத் தாண்டும்போது முடி கருகுகிற மாதிரி ஒரு வாசம் அடித்தது. சூளைப் புகையில் இப்படி ஒரு வாசம் வராதே என்று நினைத்தேன். அதுதான் கடைசி நினைப்பு.

அடுத்து எனக்குத் தெரிந்தது எஞ்சின் திணறுகிற சத்தம். பஸ் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. கியர் மாற்றாமல் ஏறுவதால் வண்டி இழுக்க முடியாமல் உதறியது. கையும் காலும் தானாகக் கியரைக் குறைத்தன. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, இது ஏரிக்கரை தாண்டி வருகிற மேடு. சூளைக்கும் இந்த மேட்டுக்கும் நடுவில் ஒரு மைலுக்கு மேல் இருக்கும். அந்த ஒரு மைலில் வேப்பமரத்து ஸ்டாப் இருக்கிறது, ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகல் பாலம் இருக்கிறது, ஏரிக்கரை வளைவு இருக்கிறது. மூன்றையும் நான் பார்க்கவில்லை. பிடுங்கின பல்லின் இடத்தை நாக்கு துழாவுகிற மாதிரி அந்த ஒரு மைலை மனசு துழாவிப் பார்த்தது. அங்கே ஒன்றுமே இல்லை.

மேட்டின் உச்சியில் வண்டியை ஓரம் கட்டினேன். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான். என்னைவிட வயதில் சின்னவன், வாய்த் துடுக்கு.

"இன்னா நைனா, எத்தினி விசிலு ஊதுறது? ஸ்டாப்புல ஆளு நிக்கிது, நீ பாட்டுக்குப் போய்க்கினே கீற?"

"எந்த ஸ்டாப்பு?"

"வேப்பமரத்து ஸ்டாப்பு. ஒரு பொம்பள கைய நீட்டிக்கினு நிக்கிறா. காலைல நாஷ்டா துன்ன நேரம் வுடலன்னு கோவமா கீற போலன்னு நானும் வுட்டுட்டேன்."

"பாலத்த எப்பத் தாண்டினோம்?"

அவன் துடுக்கை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"தூங்கிட்டியா?"

"தெர்ல."

"தூங்கல நைனா. நான் கண்ணாடில பாத்தேனே. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு."

"பாலத்துல எப்படிப் போனேன்?"

"எப்பவும் போறாப்புலதான் போன. நடுவால. வளைவுல அழகா ஒடிச்ச. ஆரன் மட்டும் அடிக்கல."

எஞ்சினை நிறுத்தினேன். சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் வருகிற பஸ்ஸில் எல்லோரையும் ஏற்றிவிடச் சொன்னேன். பயணிகள் கூச்சல் போட்டார்கள். நிச்சயதார்த்தத்துக்குப் போகிற குடும்பம் ஒன்று என்னைச் சும்மா விடவில்லை. "நல்லாத்தானய்யா ஓட்டிக்கினு வந்த, திடீர்னு இன்னா வந்துச்சு உனக்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்லாத்தான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அதுதான் பிரச்சினை.

இறங்கி, வந்த வழியே நடந்தேன். ஏன் நடந்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. நான் இல்லாத இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அப்போது அது தார் போடாத கப்பி ரோடு. மேலே செம்மண் புழுதி மெத்தை மாதிரி கிடக்கும். எங்கள் பஸ்ஸின் டயர் தடம் அதில் புதிதாக, அச்சுக் குத்தினது போல இருந்தது. ஏரிக்கரை வளைவுக்கு வந்தேன். உள்பக்கம் ஒரு பெரிய பள்ளம் உண்டு. தினமும் நான் அதை ஒரு முழம் தள்ளித்தான் ஒடிப்பேன். தடம் அதே ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது. வெளிப்பக்கம் கரை சரிந்து தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்தப் பக்கம் தடம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து தடத்தின் விளிம்பைத் தொட்டேன். மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. பயம் என்று சொல்ல முடியாது. கோயிலில் திரை விலகும்போது வருமே, அந்த மாதிரி. ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் இந்த வளைவில் திரும்பியிருக்கிறது. திருப்பின கை என்னுடையது. ஆனால் திருப்பினவன் நான் இல்லை. அப்படியானால் யார்?

பாலத்துக்குப் போனேன். இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர். முதல் தடவை ஓட்டுகிறவர்கள் அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுவார்கள். தடம் நூல் பிடித்தது போல நடுவில் இருந்தது. கண்ணை விழித்து, மூச்சைப் பிடித்து ஓட்டியிருந்தாலும் நான் இதைவிட நன்றாகப் போயிருக்க மாட்டேன். வாய்விட்டு "அடேயப்பா" என்றேன்.

வேப்பமரத்தடியில் அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, காலடியில் ஒரு தூக்குவாளி. காக்கிச் சட்டையைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"நீதான அந்த டிரைவரு? கண்ணு அவிஞ்சா பூட்ச்சு? கைய நீட்டிக்கினே நிக்கிறேன். பஸ்ஸப் பாத்துட்டுப் புள்ள ரோட்டுல எறங்கிடுச்சு. நான் ஒரு இழு இழுத்தேன். அது கையே கழண்டிருக்கும். நீ பிரேக்குகூடத் தொடல!"

கீழே பார்த்தேன். சின்னப் பாதச் சுவடுகள் நாலைந்து, மரத்தடியிலிருந்து ரோட்டுக்குள் போயிருந்தன. கடைசிப் பாதத்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் இருக்குமோ இருக்காதோ, டயர் தடம். அது விலகவில்லை. தயங்கவில்லை. பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கின அதே தடம், குழந்தைக்கு ஒரு விரல்கூட ஒதுங்கவில்லை.

"நான் பாக்கலம்மா" என்றேன். "என் கண்ணுல தெரியவே இல்ல."

"குடிச்சிருக்கியா?"

"இல்லம்மா."

அருகில் வந்து மோந்துகூடப் பார்த்தாள். சாராய வாசம் இல்லை என்றதும் குரல் மாறிவிட்டது. "உடம்பு சொகமில்லையா உனக்கு? உக்காரு மொதல்ல" என்று தூக்குவாளியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அந்தக் குழந்தை என் தொப்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, இருவரையும் நானே ஏற்றிவிட்டேன்.

ஊரில் கதை வேறு மாதிரி பரவியது. கண்டக்டர் போய்ச் சொல்லிவிட்டான். டிரைவருக்கு நினைவு தப்பிவிட்டது, திருத்தணி முருகனே சீட்டில் உட்கார்ந்து பாலத்தைத் தாண்டி விட்டார் என்று. முதலாளி பஸ்ஸுக்குக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தார். ஆர்.கே.பேட்டைத் தறிக்காரர் ஒருவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் மனைவிக்கும் அதில் சந்தேகமே இல்லை.

"முருகன்தான் ஓட்டினாரு. இல்லாங்காட்டி நான் இன்னேரம் தாலிய அறுத்திருப்பேன்" என்றாள்.

"அப்ப அந்தப் பொம்பளைக்கு ஏன் நிறுத்தல?"

"பஸ்ஸுல கூட்டமா இருந்திருக்கும்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கே என்னைச் சென்னைக்கு அழைத்துப் போவது என்று முடிவு செய்தது அவள்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் தலை முழுக்க ஒயர்களை ஒட்டினார்கள். ஒரு மெஷின் காகிதத்தில் கோடு கோடாகக் கிறுக்கியது. டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. காகிதத்தை நீட்டி, ஒரு இடத்தில் கோடுகள் கூர்மையாகக் குதித்திருப்பதைக் காட்டினார். இதுவும் வலிப்புதான், ஆனால் கீழே விழுந்து கைகாலை உதைக்கிற வலிப்பு இல்லை, பார்க்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது என்றார். முடி கருகுகிற வாசத்தைப் பற்றி நான் சொல்லுமுன் அவரே கேட்டார்.

"டாக்டரம்மா, அப்ப பஸ்ஸ ஓட்டினது யாரு?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"நீங்கதான். ஆனா முழு நீங்க இல்ல. தினம் தினம் செய்யுற வேலைய மூளை ஒரு ஓரத்துல பழக்கி வெச்சிடும். நீங்க இல்லாதப்ப அது மட்டும் கொஞ்ச நேரம் வேல செஞ்சிருக்கு. வளைவு நேத்தும் அங்கதான் இருந்துச்சு. பாலமும் இருந்துச்சு. அதெல்லாம் அதுக்குத் தெரியும்."

"அந்தக் கொழந்த?"

"கொழந்த நேத்து அங்க இல்லியே" என்றார்.

அந்தப் பதிலை நான் பல வருடம் சுமந்துகொண்டு திரிந்தேன். மாத்திரை கொடுத்தார். இனி எந்த வண்டியையும் ஓட்டக் கூடாது என்றார். சொல்வதற்கு முன்பே நான் அதை முடிவு செய்துவிட்டேன். சாவியைக் கொடுத்தது கொடுத்ததுதான்.

கொஞ்ச காலம் முதலாளி ஷெட்டில் டயர் பார்க்கிற வேலை கொடுத்தார். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலை வர ஆரம்பித்தபோது, என் மச்சான் ஒரு இரும்பு உருட்டாலையில் வாட்ச்மேன் வேலை பிடித்துக் கொடுத்தார். குடும்பத்தோடு அங்கே போனோம். நேற்றுவரை ஏர் பிடித்தவர்கள் காக்கி அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு கேட்டுக்குள் வருவதைத் தினமும் பார்த்தேன். சிவந்த கம்பிகள் பாம்பு மாதிரி சீறிக்கொண்டு ஓடும். அவற்றுக்கு நடுவில் இடுக்கியோடு நிற்கிறவர்கள் கண்ணிமைக்க மாட்டார்கள். அவர்களை என்னால் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

மாதம் ஒருமுறை மாத்திரைக்காகச் சென்னைக்கு ரயிலில் போவேன். முதலில் கரி வண்டி. எழுபதுகளின் கடைசியில் கம்பம் நட்டு, ஒயர் கட்டி, மின்சார ரயில் வந்தது. வந்த புதிதில் ஊரே வேடிக்கை பார்க்கப் போயிற்று. எஞ்சின் எங்கே என்று தேடினவர்கள் உண்டு. கும்மிடிப்பூண்டியோடு அந்த வண்டி திரும்பிவிடும். ஓட்டிவந்த மோட்டார்மேன் ஒரு கோடியில் இறங்கி, பிளாட்பாரம் முழுக்க நடந்து மறு கோடியில் ஏறுவார். பழவேற்காட்டிலிருந்து வரும் மீன்கூடைக்காரிகள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்குவார்கள். டீக்கடையில் அவரோடு பழக்கமாயிற்று. நானும் ஸ்டியரிங் பிடித்தவன் என்று சொன்னதும் நெருக்கமாகிவிட்டார்.

ஒருநாள் வண்டி கிளம்ப நேரமிருந்தது. அவர் தன் அறையில் இருந்தார். நான் பிளாட்பாரத்தில் ஜன்னலோரம் நின்றேன். பித்தளைப் பிடி ஒன்றை உள்ளங்கையால் அழுத்திக் காட்டினார்.

"இத்தப் பாரு அண்ணே. வண்டி ஓடுற வரைக்கும் இத அழுத்திக்கினே இருக்கணும். கைய வுட்டா இன்னா ஆவும் தெரியுமா?"

கையை எடுத்தார். புஸ்ஸென்று காற்று பீறிட்டது. வண்டிக்கு அடியில் எங்கோ கட்டைகள் சக்கரத்தைக் கவ்வுகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. நான் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"பிரேக்கு. தானா வுழும். எனக்கு மயக்கம் வந்தாலும் சரி, மாரடைச்சாலும் சரி, கை தொங்கிச்சுன்னா வண்டி நின்னுடும். டெட்மேன் ஹேண்டில்னு பேரு. செத்தவன் கைப்பிடி."

"யாரு செத்தவன்?"

"நான்தான்" என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. "இன்னொரு தபா காட்டு சார்" என்றேன். காட்டினார். மறுபடியும் அந்தக் காற்று, அந்தச் சத்தம். எங்கோ ஒரு நாட்டில், மேசைமுன் உட்கார்ந்து எவனோ ஒருவன் யோசித்திருக்கிறான். ஓட்டுகிறவன் சீட்டில் இருந்தாலும் இல்லாமல் போகலாம் என்று. நான் பிறப்பதற்கு முன்பே கூட யோசித்திருக்கலாம். என்னைப் போன்ற ஒருவன் வருவான் என்று எண்ணி, அவன் பின்னால் உட்காருகிற ஆயிரம் பேரையும் எண்ணி, ஒரு கைப்பிடியைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த முகம் தெரியாதவனை நினைத்து அந்தப் பிளாட்பாரத்திலேயே கை கூப்பத் தோன்றியது.

அப்புறம்தான் அந்த எண்ணம் வந்தது. மோட்டார்மேனிடம் என் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் அதுவரை கேட்டதில்லை.

"என் கை கீழ வுழல சார். ஸ்டியரிங்க நல்லாத்தான் புடிச்சுக்கினு இருந்துச்சு. இந்தப் புடியா இருந்தாலும் அழுத்திக்கினேதான் இருந்திருக்கும்."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப இது உன்னக் கண்டுபுடிச்சிருக்காது" என்றார் மெதுவாக.

"கண்டுபுடிச்சிருக்காது."

"பின்னால கார்டு கீறாரு. அவரும் பிரேக்கு போடலாம்."

"எனக்கும் பின்னால ஒருத்தன் இருந்தான். அவங்கிட்ட விசிலு மட்டும்தான் இருந்துச்சு."

பிறகு நான் சொன்னேன், "ஒருநாள் வண்டிக்கே கண்ணு வெப்பான் சார். இந்தக் கைப்புடிய யோசிச்சவன் அதையும் யோசிப்பான். டிரைவர் இல்லாமலே ஓடும்."

"தண்டவாளத்துல வேணா ஓடலாம். ரோட்டுல எப்படிண்ணே? ஆடு வரும், சைக்கிள்காரன் வருவான், பொணம் வரும், கல்யாண ஊர்வலம் வரும். பாலத்துல நடுவால போறது பெரிய விசயமில்ல. நீ இல்லாமலே அது நடந்துச்சுன்றியே. நேத்து இல்லாதது இன்னிக்கு வந்து நின்னா? அதத் தெரிஞ்சுக்கற கண்ணா இருக்கணும்."

"வரும்" என்றேன். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. "கை வுட்டா நிக்கிற வண்டிய பத்து வருசம் முன்னால சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். இப்ப எதிர்ல நிக்கிறேனே."

"வந்தா நீ ஏறுவியா?"

"மொதல்ல அது எங்கெல்லாம் நின்னுச்சுன்னு கேப்பேன். எவ்வளவு தூரம் ஓடுச்சுன்னு அப்புறமாத்தான் கேப்பேன்."

அவர் தலையாட்டினார். சிக்னல் விழுந்தது. பிடியை அழுத்தினார். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. ஏறிக்கொள்ளத் தோன்றாமல் நான் அங்கேயே நின்றுவிட்டேன். அடுத்த வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதற்குப் பிறகு எப்போது போனாலும் முதல் பெட்டியில், அவர் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்தேன். அவர் வேறு லைனுக்கு மாற்றலாகிப் போகிறவரை.

அதே சமயத்தில்தான் டாக்டரம்மா ஒரு நல்ல செய்தி சொன்னார். பல வருடமாக அந்த வாசம் எனக்கு வரவே இல்லை. புதுக் காகிதத்தில் கோடுகள் சாதுவாக இருந்தன. "மாத்திரைய நிறுத்தக் கூடாது. பஸ்ஸும் லாரியும் கூடாது. சைக்கிள் வேணா ஓட்டிப் பாருங்க, கூட்டமில்லாத ரோட்டுல" என்றார்.

மச்சானின் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் ஆலைக்குப் போனேன். மனைவி வாசலில் நின்று நான் தெரு முனையில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கொஞ்ச தூரம் ஹாண்டில்பார் ஆடியது. பிறகு நிதானப்பட்டது. நான் பார்க்க ஆரம்பித்தேன். மூன்று குட்டிகளோடு ஒரு நாய் ரோட்டைக் கடந்தது. நின்றேன். ஆந்திரா லாரி ஒன்று கயிறு அவிழ்ந்து தார்ப்பாய் படபடக்கப் போயிற்று. குரல் கொடுத்தேன், டிரைவர் கையை ஆட்டிவிட்டு ஓரம் கட்டினார். குடிசை வாசலில் ஒருவர் வேலியில் கண்ணாடியை மாட்டி முகம் மழித்துக்கொண்டிருந்தார். புதிதாக நட்ட மின்கம்பத்தில் ஒரு மீன்கொத்தி. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் முகமெல்லாம் துரு. ஒன்றுகூடத் தவறவில்லை. ஒவ்வொன்றும் எதிரில் வந்தது, நான் அங்கே இருந்தேன், பார்த்தேன். வளைவையும் பாலத்தையும் தாண்டுவதைவிட இது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கேட்டில் இருந்த இன்னொரு வாட்ச்மேன், "இன்னாண்ணே, தனியா சிரிச்சிக்கினு வர்ற?" என்று கேட்டான். சைக்கிளைக் கேட்டோரமாகச் சாத்திவிட்டு உள்ளே போனேன்.

சாயங்காலம் வீட்டில் மனைவி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, வழியில் பார்த்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். நாய், லாரி, கண்ணாடி, மீன்கொத்தி. வேலையை நிறுத்தாமலே கேட்டாள்.

"இதெல்லாம் தெனமும் கீறதுதான?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

இன்னொரு இறாலை எடுத்துத் தலையைத் திருகினாள். "அப்புறம்?" என்றாள்.